எழுத்துமாற்றி

மார்ச் 4
இன்று பதினேழு பக்கம். எனக்கு லத்தீன் எழுத்தில்தான் கை ஓடும். எங்கள் நீதிபதிக்கோ சிரிலிக் எழுத்து வேண்டும். ஒரு மொழிக்கு இரண்டு எழுத்து, திண்டாட்டம் தட்டச்சுக்காரிக்கு. என் முதலாளி வக்கீல் மோமிர் தன் ‘கும்’ விதோயேயைக் கூட்டிவந்தார். கும் என்றால் மோமிர் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவன், அவர் பிள்ளைகளுக்கு ஞானத்தகப்பன், கடைத்தெருவில் கணினி பழுதுபார்க்கிறவன். இலவசமாக ஓர் எழுத்துமாற்றியைப் போட்டுக்கொடுத்தான். காப்பி எடுத்து ஒட்டினால் சிரிலிக்கில் வந்து விழுகிறது. போகிற போக்கில் என் விசைப்பலகை மேல் சூரியகாந்தி விதைத் தோலைத் துப்பிவிட்டுப் போனான். சீ.

மார்ச் 11
எழுத்துமாற்றி அருமை. ஆளைத்தான் பிடிக்கவில்லை.

ஸ்டானாவின் வழக்கு. புருஷன் மணிக்கட்டை உடைத்துவிட்டான். இங்கிருந்து தப்பி நிஷ் நகரத்தில் ஓர் அடுமனைக்கு மேலே அறை எடுத்திருக்கிறாள். அவள் அனுப்பிய முகவரியைக் காப்பி எடுத்து, மாற்றி, அச்சடித்து, உறையில் மூடி நீதிபதிக்கு அனுப்பினேன். அது தெரிந்தவர்கள் நான், வக்கீல், நீதிபதி. அவ்வளவுதான்.

மார்ச் 19
ஸ்டானா போன் செய்தாள். அடுமனைக்கு எதிரே புருஷன் நின்றுகொண்டிருந்தானாம். சும்மா நின்று, ஜன்னலைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனானாம். எப்படித் தெரிந்தது?

“நீங்க வாய் தவறி யார்கிட்டயாவது சொன்னீங்களாம்மா?” என்று மோமிர் கேட்டார். இருபத்திரண்டு வருஷம் இந்த ஆபீஸில் வாயைத் தைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என்னைப் பார்த்துக் கேட்கிறார்!

மார்ச் 20
இந்த வாரம் யார் யாரிடம் என்ன பேசினேன் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன்.

மார்ச் 22
மோமிர் வீட்டில் குலப் புனிதர் விருந்து. நோன்புக் காலம் என்பதால் மீனும் அவரைக்கொட்டையும். போகாமல் இருக்க முடியாது. விதோயே மூன்றாவது கோப்பை பிளம் சாராயத்தோடு என்னிடம் வந்து, “முட்டிக்கு முட்டைக்கோஸ் இலை கட்டுறீங்களாமே, வலிக்குக் கேட்குதா?” என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டேன். முட்டைக்கோஸ் இலையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லையே. தங்கைக்கு ஒரு கடிதம் எழுதினேன் — ஆபீஸ் கணினியில் — அதைக் காப்பி எடுத்து மின்னஞ்சலில் ஒட்டினேன். அவ்வளவுதானே?

கடவுளே. நான் காப்பி எடுத்தது எல்லாமா?

மார்ச் 23
நாத்தனார் மகள் ஒரு வங்கியில் கணினிப் பிரிவில் இருக்கிறாள். கேட்டேன். காப்பி எடுப்பது எல்லாம் கணினிக்குள் ஒரே இடத்தில் கிடக்குமாம். உள்ளே விட்ட எந்தச் செயலியும் அதைப் படித்து வெளியே அனுப்பலாமாம். “திறந்த வீட்டுல நாய் நுழையத்தான் செய்யும் அத்தை,” என்றாள். கதவைத் திறந்தது நான்தான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். மறுபடியும் கழுவினேன்.

மார்ச் 24
மோமிரிடம் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. முட்டைக்கோஸ் இலையை வைத்து ஒரு மனுஷனைத் திருடன் என்பதா என்றார். “கும்னா சட்டைப் பொத்தானாம்மா? பிச்சுப் போட்டுட்டு வேற ஒண்ணு தைச்சுக்க?”

தன் தம்பியைச் சொல்லியிருந்தால்கூட நம்பியிருப்பார்.

மார்ச் 25
ஒரு வரி தட்டினேன்: சனிக்கிழமையிலிருந்து ஸ்டானா என் வீட்டில் தங்குகிறாள். கீழே என் முகவரி. காப்பி எடுத்தேன். எங்கும் ஒட்டவில்லை, யாருக்கும் அனுப்பவில்லை. அழித்துவிட்டேன்.

சனிக்கிழமை காப்பி குடிக்க வரச் சொல்லி மோமிரை அழைத்திருக்கிறேன். ஏன் என்று சொல்லவில்லை. பயமாக இருக்கிறது.

மார்ச் 29
பத்தரை மணிக்கு அழைப்பு மணி. மோமிர் இரண்டாவது காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தேன். ஸ்டானாவின் புருஷன். சாதாரண ஆள், கட்டை கட்டையான விரல்கள். அந்த விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அவள வெளிய வரச் சொல்லு,” என்றான்.

மோமிர் என் பின்னால் வந்து நின்றார். ஆனால் அவர் அவனைப் பார்க்கவில்லை. தெருவில் நின்ற காரைப் பார்த்தார். ஓட்டுநர் இருக்கையில் விதோயே.

விதோயே கண்ணாடியை இறக்கினான். ஓடக்கூட இல்லை, அந்தச் சண்டாளன். “ஒருத்தன் பொண்டாட்டியத் தேடுறான், சீட்டாட்டக் கூட்டாளி, உதவி பண்ணேன். இதுல என்ன தப்பு, குமே?”

மோமிர் போலீசைக் கூப்பிட்டார். எண்ணை மூன்று தடவை தப்பாக அழுத்தினார். பிறகு என் சமையலறையில் உட்கார்ந்து அழுதார்.

ஏப்ரல் 2
மோமிர் கையெழுத்துப் போட்டு வாக்குமூலம் கொடுத்துவிட்டார். ஸ்டானாவின் புருஷன் உள்ளே, மாதக் கடைசியில் வெளியே வந்துவிடுவானாம். விதோயே விசாரணைக்குப் போய்விட்டு இன்று கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறான். எங்கள் ஊர் வல்யேவோ முழுக்க ஒரே பேச்சு — விதோயே ஊரார் கடிதங்களைப் படித்தான் என்றல்ல, மோமிர் தன் கும்மைக் காட்டிக்கொடுத்தார் என்று. இறைச்சிக் கடையில் அவருக்கு யாரும் வணக்கம் சொல்லவில்லை. தூ, என்ன ஊர் இது.

கணினியை முழுதாகத் துடைத்து வேறு ஆள் சரிசெய்தார். இனி சிரிலிக்கில் நேராகவே தட்டுகிறேன். ஒரு நாளைக்கு நாலு பக்கம்தான் வருகிறது.

ஏப்ரல் 9
ஸ்டானா வந்தாள். வேறு ஊருக்கு மாறிவிட்டாளாம். வழக்குத் தாளில் முகவரிக்கு உரிய இடம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து எந்த ஊர் என்று கேட்டேன்.

“தப்பா நினைக்காதீங்க அக்கா. அத நானே கையால எழுதி நீதிபதிகிட்ட குடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்ல மாட்டேன்.”

நல்லது என்றேன். பேனாவை மூடி வைத்தேன்.