கரண்ட் வந்ததும் அடிக்கும் இரண்டு வரிகள்

என் செல்லத் தம்பி சேவியருக்கு,

உன் முப்பதாம் நாள் பூசை ஞாயிற்றுக்கிழமை. கோயில் இதழில் கொஞ்சம் இடம் இருக்கிறது, தம்பிக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சாமியார் கேட்டார். எனக்கு எழுத வருவதெல்லாம் வீட்டுக் கணக்குதான் என்றேன், அவர் விடவில்லை. சரி, ஊர் கேட்பதற்காக எழுத எனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது, அதைச் சொல்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும்.

உன் ரௌட்டரில் கை வைத்துவிட்டேன். கோபப்படாதே, ராசா.

நீ போன கொஞ்ச நாளிலேயே கரண்ட் போனது. போகாமல் இருந்தால்தானே நம் கியாக்டடாப் பேட்டையில் அதிசயம். திரும்பி வந்தபோது என் வீட்டுக்குக் கீழே இருக்கும் உன் இணையக் கடை ஒழுங்காக ஓடியது. எதிர்க் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், உன் வீட்டு முன்னறையில் நீ வைத்த கம்ப்யூட்டர்கள் மட்டும் வெறுமனே விழித்துக்கொண்டு நின்றன. பச்சை விளக்கெல்லாம் எரிகிறது. தெருவுக்கு மேலே நீ இழுத்துக் கட்டிய வயரும் அறுபடவில்லை. ஆனால் இணையம் வரவில்லை.

கரண்ட் வந்தவுடன் நீ சாப்பாட்டுத் தட்டையும் விட்டுவிட்டு ஓடுவாயே, அது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கீழே ஒரு ரௌட்டர், மேலே ஒரு ரௌட்டர். எந்த எண்ணுக்குப் போவதென்றால் எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று நீதான் இரண்டுக்கும் கையால் அடித்துச் சொல்லி வைத்திருந்தாய். கரண்ட் போனதும் அவை அதை மறந்துவிட்டன. சொல்லிக் கொடுக்க நீ இல்லை.

கீழ்க் கடையில் வருவது வாடகைக்கும் டீசலுக்கும் சரியாகிவிடும் என்பது உனக்கே தெரியும். மேலறையை வைத்துத்தான் உன் மனைவி சாண்டாவும் மகள் மெர்சியும் சாப்பிட வேண்டும். மலேசியாவில் இருக்கும் பிள்ளைகளோடு பேச வருகிற அம்மாக்கள், கப்பல் வேலைக்கு மனுப் போடுகிறவர்கள், எல்லாரும் படியேறி வந்து பார்த்துவிட்டு இறங்கிப் போனார்கள். உன் கூட்டாளிகளைத் தேடினேன். ஒருவன் சிங்கப்பூர் போய்விட்டான், இன்னொருவன் கடலில் இருக்கிறான்.

உன் மனைவியைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டுமா? என்னை மமா என்று கூப்பிடுவாள், பர்மியப் பேச்சில் அக்கா. உன்னோடு சண்டை போடுவதற்கு மட்டும்தான் தமிழ் பேசுவாள். இப்போது சண்டைக்கும் ஆள் இல்லை. ஒரு நாள் என் அடுப்படியில் வந்து நின்று, பசுண்டாங்கிலிருந்து ஒரு ஆள் சனிக்கிழமை வருகிறார், எல்லாக் கம்ப்யூட்டர் பெட்டியையும் விலைக்கு எடுத்துக்கொள்வார், நானும் மெர்சியும் பத்தீனுக்கு அம்மா வீட்டுக்குப் போகிறோம் என்றாள். ஏனம்மா என்று கேட்டேன்.

"சும்மா நிற்கிற பெட்டியைப் பார்த்தால் அவர் நடுவில் எழுந்து போன மாதிரி இருக்கிறது, மமா. இதற்கு எதிரில் என்னால் உட்கார முடியவில்லை."

உன்னைப் புதைத்துவிட்டு வந்த கையோடு அவர்களையும் படகேற்றி அனுப்பிவிட்டு, எதிர் மாடி ஜன்னல் மூடிக் கிடப்பதைப் பார்த்துக்கொண்டே நான் அரிசி களைய வேண்டுமா?

நீ நடைபாதைக் கடையில் வாங்கிய பழைய தடி ரௌட்டர் புத்தகத்தை எடுத்தேன். உனக்கு டீ வைத்துவிட்டுப் பின்னால் நின்று எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். பால் டப்பாவிலும் ஜெபப் புத்தகத்திலும் எழுத்துக் கூட்டிக் கற்ற இங்கிலீஷ்தான் என்னுடையது, ஆனாலும் விடவில்லை. ஸ்டாட்டிக் ரௌட், அதாவது கையால் வழி சொல்லி வைப்பது, என்ற பாடத்தை விரலை வைத்து வைத்துப் படித்தேன். அந்த ரௌட்டர் பெட்டியில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. அடுத்து என்ன அடிப்பதென்று தெரியாவிட்டால் ஒரு கேள்விக்குறி போட்டால் போதும், இன்னின்னது அடிக்கலாம் என்று அதுவே சொல்கிறது. எரிச்சல் படுவதில்லை. நீ படுவாய்.

சனிக்கிழமை காலையில் உன் வீட்டு மாடி ஏறினேன். தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோணியாரை வேண்டிக்கொண்டு, எங்கே போவதானாலும் கீழ்க் கடை வாசல் வழியாகப் போ என்று மேல் ரௌட்டருக்கு ஒரு வரி அடித்தேன். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டது. சாண்டாவைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு, கீழ் ரௌட்டரின் விளக்கையும் பார்க்கக் கடைக்கு இறங்கி வந்தேன். உன் பால்கனியிலிருந்து தெருவுக்குத் தொங்குகிறதே மணிக் கயிறு, அதை இழுத்தால் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தாள். இழுத்தேன். மேலே மணி அடித்தது. கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டி, "மயபூ" என்றாள். கிடைக்கவில்லை.

திரும்பப் படித்தேன், திரும்ப ஏறினேன், எண்ணைச் சரிபார்த்தேன், இறங்கி இழுத்தேன். மயபூ. தெருமுனையில் மொஹிங்கா நூடுல்ஸ் விற்கிற அம்மா, வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, இத்தனை தடவை மணி அடிக்கிறீர்களே என்று கேட்டாள். உன் மச்சான், என் வீட்டுக்காரர் வேறு, அந்தோணியார் காலத்தில் ரௌட்டர் ஏது, அவர் எங்கே போய்த் தேடுவார் என்று சிரித்தார். சிரித்துவிட்டுச் சந்தைப் பையை எடுத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று கிளம்பினார்.

எனக்குச் சுரீரென்றது.

நம் வீட்டில் யாராவது போறேன் என்று சொல்லிப் படி இறங்கியிருக்கிறோமா? சொன்னால் அம்மா வாயிலேயே போடுவாள். நமக்குப் போவதிலேயே வருவதும் சேர்ந்திருக்கிறது. அந்த நினைப்பில்தான் நானும் போகிற வழியை மட்டும் அடித்துவிட்டுக் காத்திருந்தேன். ரௌட்டர் தமிழ் வீட்டில் பிறந்ததா என்ன? மேலேயிருந்து கேட்டது ஒழுங்காகக் கடல் தாண்டிப் போயிருக்கிறது. பதிலும் கடை வரைக்கும் திரும்பி வந்திருக்கிறது. அந்த மூன்றாம் மாடி எங்கே என்று கீழ் ரௌட்டருக்கு யாரும் சொல்லாததால் வாசலிலேயே தொலைந்துபோயிருக்கிறது. தினமும் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதுகிறவளுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டாமா?

ஆஸ்பத்திரிக்கு டாக்ஸி ஏறும்போது நீயும் போயிட்டு வரேன் என்றுதானே சொன்னாய், ராசா.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கீழ் ரௌட்டரில் இரண்டாவது வரியை அடித்தேன். மேல் வீட்டு எண்களுக்குப் போகிறதெல்லாம் இந்த வயர் வழியாக மேல் வாசலுக்குப் போகட்டும் என்று. கயிற்றை இழுக்கவே எனக்குத் தைரியம் வரவில்லை. அதற்குள் மேலேயிருந்து சத்தம் கேட்டது.

"யாபி, மமா, யாபி."

கிடைத்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, மூன்று மாடியும் எப்படி ஏறினேனோ தெரியாது.

நான் மேலே போன சூட்டோடு அந்தப் பசுண்டாங் ஆளும் வந்துவிட்டார், பெட்டிகளைக் கட்டிக்கொண்டு போகக் கயிற்றோடு. நல்ல மனிதர். செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். நான் அவரைப் பார்க்காத மாதிரி உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். அடித்த வரிகளைச் சேமித்து வைக்க ஒரு கட்டளை உண்டென்று புத்தகத்தில் பார்த்திருந்தேன். ஒரு தடவை அடித்துவிட்டால் கரண்ட் போனாலும் பெட்டி மறக்காதாம். உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? பிறகு ஏன் அடிக்கவில்லை? ஒவ்வொரு தடவையும் அந்தச் சாக்கில் மேலே வந்து, சாண்டா கையால் ஒரு கோப்பை லப்பெயெ குடித்துவிட்டு இறங்குவாயே, அதற்காகவா? டீக்காக ஒருவன் இப்படிச் செய்வானா என்று மற்றவர்கள் கேட்கலாம். நீ செய்வாய்.

நான் அந்தக் கட்டளையை அடிக்கப் போனேன். சாண்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம், மமா," என்றாள், தமிழில். "கரண்ட் வரும்போதெல்லாம் நான் அடிக்கிறேன்."

பெட்டி மறந்துபோகுமே, வீண் வேலைதானே என்று நான் பைத்தியக்காரிபோல விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த ஆளுக்கு என்னைவிடச் சீக்கிரம் புரிந்துவிட்டது. கயிற்றைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, இத்தனை படி ஏறி வந்ததற்கு ஒரு லப்பெயெயாவது கிடைக்குமா என்று கேட்டார். சாண்டா எழுந்து அடுப்பைப் பற்றவைத்தாள். அவள் எங்கேயும் போகப்போவதில்லை என்று அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

சத்தியம் செய்யக் கூடாது என்று சாமியார் சொல்லியிருக்கிறார். அதனால் வாக்கு மட்டும் தருகிறேன். மேல் வரியை அவள் அடிப்பாள், கீழ் வரியை நான் அடிப்பேன். அவளுக்கு ஒரு நாள் அம்மா வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று தோன்றினால் அழுது மறிக்க மாட்டேன், படகுத்துறை வரைக்கும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவேன். அவள் இங்கே இருக்கிற வரைக்கும், நாத்தனார் என்கிற பேச்சே எங்கள் நடுவில் இருக்காது. நீ நிம்மதியாகத் தூங்கு, கண்ணே.

உன்னோடு பிறந்தவள், சாண்டாவோடு சேர்ந்தவள்,
உன் ரோசம்மா அக்கா