ஆகாசத்துக்கு விட்ட இடம்

சிரித்த முகமாகவே என் கண்ணுக்குள் நிற்கும் பாஷா மச்சானுக்கு,

நம் சந்தில் கூடம் எழும்பிவிட்டது. திறப்பு விழாவுக்கு ஒரு மலர் போடுகிறார்கள். பிளான் போட்டவர் நாலு வார்த்தை எழுத வேண்டும் என்று என்னைக் கேட்டார்கள். கல், சுண்ணாம்பு, ஓடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பேனா உன்னோடு பேச ஆரம்பித்துவிட்டது. ஊரார் படித்தால் படிக்கட்டும். நீயும் நானும் என்றைக்கு மெதுவாகப் பேசியிருக்கிறோம்?

மலரைப் படிக்கும் வெளியூர்க்காரர்களுக்கு நம் சந்து தெரியாது. ஓசூர்க் கடைவீதிக்குப் பின்னால், சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு வீட்டில் தாளித்தால் நாலாவது வீட்டில் தும்முவார்கள். தெலுங்கில் திட்டி, கன்னடத்தில் சமாதானமாகி, தமிழில் காப்பி கேட்கும் ஜனங்கள். கல்யாணம், காதுகுத்து, சாவு எல்லாம் அந்தச் சந்திலேயேதான்.

உன் நிக்காஹ் அன்று கொட்டிய மழை நினைவிருக்கிறதா? பந்தல் சரிந்து, மாப்பிள்ளையான நீயே கம்பைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றாய். வந்தவர்கள் தட்டும் கையுமாக வீட்டுக்கு வீடு ஒதுங்கினார்கள். "மச்சான், என் பிள்ளைங்க கல்யாணமாச்சும் ஒரு கூரைக்குள்ள நடக்கணும்டா" என்று அன்றைக்கே சொன்னாய். சொன்னதோடு விடவில்லை. உன் வீட்டை ஒட்டிக் கிடந்த பழைய வண்டிப்பேட்டையைச் சந்துக்காகக் கேட்டு, கிருஷ்ணகிரியில் இருந்த அதன் சொந்தக்காரரிடம் நடையாய் நடந்தாய். அவர் மனம் இளகி எழுதிக் கொடுத்த அந்த வருஷமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. அப்படி என்ன அவசரம் உனக்கு?

நீ போன பிறகு சந்துக்காரர்கள் கமிட்டி போட்டார்கள். புளி மண்டி நாராயணப்பா தலைவர். பெங்களூரில் கட்டடக் கம்பெனியில் படம் வரைகிறவன் நம் சந்திலேயே இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று வேலையை என்னிடம் விட்டார்கள். சுவர் முதல் சுவர் வரை ஒரே கூடம், கோடியில் மேடை. அவர்கள் கேட்டது அவ்வளவுதான்.

சனிக்கிழமை பஸ்ஸில் வந்து, மறுநாள் காலையில் இடத்தை அளக்கப் போனேன். குனிந்து டேப்பின் நுனியை உன் வீட்டுச் சுவரடியில் வைத்தபோது ஜன்னல் திறந்தது. உன் சம்சாரம் நூர்ஜஹான் எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, வெயில்ல நிக்கிறீங்களே. டீ வெக்கட்டுமா?"

அவளுக்குப் பின்னால் தையல் மிஷின் தெரிந்தது. நீ போன பிறகு அந்த மிஷின்தான் உன் வீட்டை ஓட்டுகிறது, மச்சான். உன் வீட்டுக்கு வெளிச்சம் வருவது அந்த ஒரே ஜன்னலில். கமிட்டி கேட்டபடி கட்டினால் கூடத்தின் சுவர் அதை அடைத்துக்கொண்டு நிற்கும். "வெய்யி தங்கச்சி" என்று சொன்னேனே தவிர, என் கையில் இருந்த டேப் எதற்கென்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

பெங்களூர் போயும் அதே நினைப்பு. எத்தனையோ காகிதத்தைக் கிழித்துப் போட்டேன். கடைசியில் கூடத்தை எதிர்ப்பக்கம் தள்ளி, உன் ஜன்னலுக்கு முன்னால் திறந்த முற்றம் வரைந்தேன். கூடத்துக்கு முற்றத்தைப் பார்த்த பக்கம் சுவரே கிடையாது, மடக்குக் கதவுகள். விசேஷ நாளில் மடக்கிவிட்டால் கூடமும் முற்றமும் ஒன்றாகிவிடும். உன் வீட்டுக்காக ஆரம்பித்தது. வரைந்து முடித்தபோது, சந்து முழுவதற்கும் இதுதான் சரி என்று எனக்கே பட்டது.

நாராயணப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னப்பா கோவிந்தா இது? இருக்கிறதே கையகல எடம். அதுல ஆகாசத்துக்குப் போய் எடம் விடுவாங்களா?"

"காத்து வரணும் தலைவரே. பாஷா வீட்டு ஜன்னலும் அடைபடாம இருக்கும்."

"பாஷா எனக்கும் தம்பி மாதிரிதான். அந்தப் பொண்ணு கஷ்டம் தெரியாதவன் இல்ல நானு. ஆனா ஒரு வூட்டு ஜன்னலுக்காக ஊர்க் கூடத்தைச் சின்னதாக்குனா, ஜனங்க என்னைக் கேக்க மாட்டாங்களா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. காகிதத்தை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது என்று தோன்றியது. "அடுத்த ஞாயித்துக்கிழமை எல்லாரும் அந்த எடத்துல வந்து உக்காருங்க தலைவரே. அப்புறம் நீங்க சொல்றதைக் கட்டலாம்" என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கென்றே வந்தது போல இருந்தது, மச்சான். தரையில் சுண்ணாம்புப் பொடியால் கமிட்டியின் கூடத்தைக் கோடு போட்டேன். நாராயணப்பாவின் மண்டியிலிருந்தே கோணிப் படுதாக்களை வாங்கி, சுவர் வரும் இடமெல்லாம் கம்பு நட்டுக் கட்டினேன். மேலே தென்னங்கீற்று. சந்து மொத்தமும் உள்ளே வந்து உட்கார்ந்தது. கொஞ்ச நேரம்தான். புழுக்கமும் கோணி வாடையும் தாங்காமல் குழந்தைகள் வீறிட்டன. நாராயணப்பாவின் சம்சாரம் லட்சுமம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே எழுந்துவிட்டார்.

"மூச்சு முட்டுதே சாமி! தாலி கட்டற வரைக்கும் எவ இதுக்குள்ள உக்காருவா? நான் வரல."

அப்புறம் படுதாக்களை அவிழ்த்து என் பிளான்படி மாற்றிக் கட்டினோம். முற்றம் திறந்தது, காற்று நுழைந்தது. யாரும் சொல்லாமலே ஜனங்கள் பரவி உட்கார்ந்தார்கள். பெண்கள் முற்றத்து ஓரமாக வட்டம் போட்டு ஊர்க்கதை பேச ஆரம்பித்துவிட்டார்கள். நாராயணப்பா அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார்.

"மழை வந்தா?"

"முற்றத்தைச் சுத்தித் தாழ்வாரம் எறக்கிடலாம். எல்லாரும் ஒதுங்கலாம்."

"அது சரி. பந்தி போட்ட பொறவு பெருக்கறது யாரு? தொறந்த எடம்னா நாயும் ஆடும் வந்து படுத்துக்கும்."

நான் வாய் திறப்பதற்குள் ஜன்னலிலிருந்து குரல் வந்தது. கூட்டம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. நாலு பேர் முன்னால் நூர்ஜஹான் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"அண்ணா, எனக்காக ஜன்னலை விட்டு வெக்கிறதா சொல்றாங்க. ஜன்னல் வேணாம். அந்த எடத்துல கதவு வெச்சுக் குடுங்க."

"கதவா? எதுக்கும்மா?" என்றார் நாராயணப்பா.

"கூடத்துச் சாவி எங்கிட்ட இருக்கட்டும் தலைவரே. காலைல தொறந்து நான் பெருக்கி வெக்கிறேன். விசேஷம் இல்லாத நாள்ல மிஷினைத் தாழ்வாரத்துல போட்டுக்கறேன். நம்ம சந்துப் பொண்ணுங்க நெறைய பேரு தையல் கத்துக் குடுக்கச் சொல்லிக் கேக்குதுங்க. என் வூட்டுல உக்கார வெக்க எடம் ஏது?"

லட்சுமம்மாதான் முதலில் வாய் திறந்தார். "என் மருமவளை மொதல்ல சேத்துக்கோம்மா." நாராயணப்பா சம்சாரத்தைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு சிரித்துவிட்டார். "கட்டுப்பா கோவிந்தா, கட்டு. இவங்க சேந்துட்டாங்கன்னா நம்ம பேச்சு எங்க எடுபடப் போவுது?"

எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. அவளுக்கு வெளிச்சம் கொடுக்கிறோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் வெளியே வர வழி கேட்டாள். அந்தத் தைரியம் அவளுக்கு எப்போது வந்தது, மச்சான்? நீ இருக்கும்போதே இருந்ததா? நம் இரண்டு பேர் சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லையா?

இப்போது கதை கேள். தூணெல்லாம் நம்ம ஊர்க் கருங்கல். மங்களூர் ஓடு ஏற்றி வந்த லாரி ஜூஜுவாடியில் அச்சு முறிந்து நின்றது; சந்து இளவட்டங்கள் வண்டி கட்டிப் போய் உடையாமல் கொண்டுவந்தார்கள். பெயர்ப் பலகையில் எந்த மொழி மேலே வருவது என்று ஒரு பெரிய சண்டை. மாநிலத்தை மொழிவாரியாகப் பிரித்தவர்கள் நம் சந்தை எப்படிப் பிரிப்பார்கள்? கடைசியில் மூன்று மொழியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தோம். ஆனால் பலகையை யார் படிக்கிறார்கள்? எல்லாரும் "முத்தம்" என்றே சொல்கிறார்கள். "எங்கடா போற?" என்று கேட்டால் "முத்தத்துக்கு" என்று பதில் சொல்லிவிட்டு இளவட்டங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். நீ இருந்திருந்தால் அதிகம் சிரித்திருப்பவன் நீதான்.

திறப்பு விழாவுக்கு முன்னாலேயே தினமும் மத்தியானம் தாழ்வாரத்தில் மிஷின் சத்தம். ஒன்று இரண்டாகி இப்போது வரிசையாகப் போட்டிருக்கிறார்கள். போன வாரம் நான் போனபோது நூர்ஜஹான் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்: "தையல் கோணுது பாரு, பிரிச்சு மறுபடி போடு." அசப்பில் உன் குரல்.

இன்னொரு சேதி. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன். உன் மகள், நம் சுபேதாவுக்கு இடம் முடிவாகிவிட்டது. பையன் ராயக்கோட்டை, காய்கறி வியாபாரம், நல்ல குணம். ரம்ஜான் கழிந்து நிக்காஹ், நம் கூடத்திலேயே. நேற்று அவள் என்னிடம் வந்து, "மாமா, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வரப்போ வாசல்ல நிக்க அத்தா இல்லையே" என்றாள்.

நான் நிற்பேன், மச்சான். அத்தர் பூசிக்கொண்டு, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, வருகிற ஒவ்வொருவரையும் கை பிடித்து உள்ளே அழைத்துப் போவேன். கடைசி விருந்தாளி சாப்பிட்டுக் கை கழுவும் வரை வாசலை விட்டு நகர மாட்டேன். உன் மகளை நீ சிரித்துக்கொண்டே அனுப்பியிருப்பாய். நானும் அப்படியே அனுப்பி வைக்கிறேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
சுபேதாவின் தாய்மாமன்,
கோவிந்தன்