கரண்டு அட்டையில் அப்பா பெயர்

அன்பு மகன் மணிகண்டபிரபுவுக்கு, கோவில்பட்டியிலிருந்து அம்மா எழுதுவது. பசுவந்தனை சாமி புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். கனடாக் குளிரில் நீயும் சுதாராணியும் பேத்தியும் சுகமாக இருக்க வேண்டும்.

நீ வாங்கி அனுப்பிய ஏ.சி. வந்து பத்து நாளாகிறது, இன்னும் பெட்டியைப் பிரிக்கவில்லை. வயரிங் செல்லத்துரை ஏணியோடு வந்து, "மதினி, இப்ப மாட்டிருவோம், ஈ.பி. பேப்பரைப் பொறவு பாத்துக்கிடலாம்" என்றான். அவனைத் திருப்பி அனுப்பிவிட்டேன். நம் வீட்டுக்கு ஈ.பி. அனுமதித்த கரண்டு லோடு ஒரு ஃபேனுக்கும் நாலு பல்புக்கும் அப்பா அந்தக் காலத்தில் வாங்கியது. கிரைண்டரும் மோட்டாரும் சேர்ந்து ஓடினாலே மெயின் போர்டு சுடுகிறது. இருபது வருடம் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவளுக்கு ஒரு பொறி என்ன செய்யும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். நீயும் போனில், யாரும்மா வந்து கேட்கப் போகிறார்கள் என்கிறாய். அங்கே ஹீட்டர் மாற்ற அனுமதி வாங்கி, அதிகாரி வந்து பார்க்கும்வரை ரெண்டு நாள் கம்பளிக்குள் கிடந்தவன்தானே நீ? ஊருக்கு ஒரு நியாயமா?

கூடுதல் லோடு கேட்டு ஈ.பி. ஆபீஸுக்குப் போனேன். அட்டை இறந்தவர் பெயரில் இருக்கிறது, முதலில் பெயர் மாற்றுங்கள், வாரிசுச் சான்றிதழும் மகன் சம்மதமும் வேண்டும் என்றார்கள். திரும்பி வந்துவிட்டேன். அப்பா போன இந்த நாலு வருடமாக நான் ஏன் மாற்றவில்லை என்று உனக்குத் தெரியாது. ரெண்டு மாதத்துக்கு ஒருமுறை கரண்டு பில் செய்தி என் போனுக்கு வரும், அதில் தங்கசாமி என்று அப்பா பெயர் இருக்கும். அதற்காகத்தான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நன்றாக அழுதேன். மறுநாள் காலையில் வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் போய் நின்றேன். வெயில் என் பெயரிலேயே இருக்கிறது, நான் தாங்குவேன். மே மாதம் உங்களோடு வருகிற கைக்குழந்தை தாங்குமா? அது தூங்க வேண்டும், நான் பயமில்லாமல் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். முறையாக வாங்கித்தான் மாட்டுவேன், நீ வருவதற்குள் மாட்டியும் விடுவேன்.

சம்மதக் கடிதம் இதோடு இருக்கிறது. கையெழுத்துப் போட்டு உடனே தபாலில் அனுப்பு, போட்டோ எடுத்து அனுப்பினால் ஏற்க மாட்டார்களாம். பெயர் மாற்றும் மனுவில் கணவர் பெயர் எழுத ஓர் இடம் விட்டிருந்தார்கள். அப்பா பெயரை அங்கே அழுத்தி எழுதிவிட்டேன்.

மூவரும் நூறாண்டு நல்லபடி இருங்கள். குழந்தைக்குத் தலையில் குல்லாய் போடச் சொல்.

இப்படிக்கு,
தங்கசாமி மனைவி
வெயிலுகந்தம்மாள்