வெள்ளைச் செடியின் காய்

பூன் லே
2.3.1987

அன்புள்ள அருளானந்தம் அங்கிளுக்கு,

ரூபியின் தோத்திரம். ஞாயிறுதோறும் ஒரே கோயிலில் நின்றுவிட்டு, இப்படித் தபாலில் எழுதுவதற்கு மன்னியுங்கள். நேரில் கேட்க வந்தால் எனக்கு நாக்கு எழவில்லை.

இப்போது பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருக்கிறேன். இலைக்குப் பச்சை தரும் பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு டிஎன்ஏ இருக்கிறது. ஆர்க்கிட்டில் அது காய் பிடிக்கிற தாய்ச்செடியிடமிருந்து மட்டுமே பிள்ளைக்குப் போகும். அதை என்சைமால் வெட்டி, துண்டுகளைக் கோடு கோடாகப் பிரித்துப் படமெடுத்தால், எந்தக் காட்டுச்செடி எதற்கு நெருங்கிய உறவு என்று தெரியவரும். உங்கள் தோட்டத்துப் பின்வரிசைக் காட்டு ஆர்க்கிட்களில் ஒவ்வொன்றிலும் நாலைந்து இளம் இலை தருவீர்களா? பறிக்க இரண்டு நாள் இருக்கும்போதே சாக்கு போட்டு மூடிவையுங்கள். இருட்டில் இலையின் மாவுச்சத்து குறைந்தால்தான் எங்களுக்கு வேலை சுத்தமாக நடக்கும். கலப்புச் செடிகள் வேண்டாம்.

அன்புடன்,
ரூபி

சுவா சூ காங்
12.3.1987

அன்பு மகள் ரூபிக்கு,

செடிகளுக்குச் சாக்கு போட்டதைப் பார்த்துப் பக்கத்துப் பண்ணை ஒலி முகம்மது, "என்ன லா, பூவுக்குக் கண்ணுபட்டுடுச்சா?" என்றார். "இல்ல லா, நம்ம ரூபி வைத்தியம் பாக்குது" என்றேன். தாய் பேர் மட்டும் தெரியும், அப்பன் பேர் வராது என்கிறாய். பிள்ளை பெற்றவன் கேட்டால் அழுவான்.

நீ வேண்டாம் என்றாலும் இன்னும் மூன்று பை இலை வைத்திருக்கிறேன். ஊதா, வெள்ளை, இரண்டுக்கும் பிறந்த 'அற்புதமேரி'. உன் ஆன்ட்டி நினைவாகப் பேர் வைத்துப் பரிசு வாங்கிய செடி. வருஷக் கடைசியில் நிலத்தை அரசாங்கத்துக்கு விட்டுக் காலி பண்ணணும். அதற்குள் அதே கலப்புச் செடியை இன்னொரு தடவை உருவாக்கிவிட ஒன்றரை வருஷமாகப் பார்க்கிறேன். கலப்பு விவரம் எழுதிவைத்த தோட்டத்து நோட்டில் உள்ளபடி ஊதாவில் வெள்ளையின் மகரந்தத்தை வைத்தால், பத்தே நாளில் காய் பழுத்து விழுகிறது. தோட்ட வேலைக்கிருந்த மாணிக்கம்தான் அசல் ஊதாவை விற்றுவிட்டு வேறெதையோ அந்தச் சட்டியில் வைத்துவிட்டான். போன ஆகஸ்டில் வேலையை விட்டு அனுப்பிவிட்டேன். பதினோரு வருஷம் இருந்தவன். கேட்டால், "ரூபியக் கேளுங்க முதலாளி" என்றான். பழியை உன் தலையில் கட்டப் பார்த்தான், பார்.

ஊதாவும் பிள்ளையும் ஒத்துப்போகாவிட்டால் அவன் திருடினது உறுதி. பார்த்து எழுது.

அருளானந்தம்

சுவா சூ காங்
20.4.1987

ரூபி,

ஒன்றரை மாதம் ஆகப்போகிறது. நேற்று ஈஸ்டர் பூசை முடிந்ததும் பக்க வாசல் வழியாக நழுவிவிட்டாய். உன் அப்பா சூசைநாதன், "அவ இப்பல்லாம் சரியா சாப்பிடறதே இல்ல" என்கிறார். இரண்டும் ஒத்துப்போகவில்லை, அதைச் சொல்ல உனக்கு மனம் வரவில்லை, அதுதானே?

மாணிக்கம் கிராஞ்சியில் ஒரு நர்சரியில் சேர்ந்திருக்கிறானாம். உன் கடிதம் வந்ததும் அந்த முதலாளியிடம் காட்டப்போகிறேன். அவரும் ஏமாறக்கூடாது.

அருளானந்தம்

பூன் லே
23.4.1987

அன்புள்ள அங்கிளுக்கு,

மூன்று முறை செய்துபார்த்தேன். ஊதாவும் பிள்ளையும் ஒத்துப்போகவில்லை. இந்த வரியோடு நான் நிறுத்தினால் அதில் ஒரு பொய்கூட இருக்காது, மாணிக்கம் அண்ணன் மட்டும் திருடன் ஆகிவிடுவார்.

பிள்ளையின் கோடுகள் வெள்ளையின் கோடுகளோடு அப்படியே பொருந்துகின்றன. தாய் வெள்ளைதான்.

ஏ லெவல் பரீட்சை முடித்து உங்களிடம் ஆறு மாதம் வேலை செய்தேனே, அப்போது ஊதாமேல் வெள்ளை மகரந்தத்தை வைக்கச் சொல்லிவிட்டு நீங்கள் ஆன்ட்டியோடு ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள். ஊதாவில் ஒரே பூதான் விரிந்திருந்தது. தன்னோடு தானே சேராமலிருக்க அதன் சொந்த மகரந்தத்தைக் குச்சியால் எடுக்கும்போது பூவை ஒடித்துவிட்டேன். பயத்தில், குச்சியில் இருந்த ஊதா மகரந்தத்தை வெள்ளைப் பூவில் வைத்தேன். ஆன்ட்டி இறக்கும்வரை நீங்கள் தோட்டத்துப் பக்கமே வரவில்லை. காயை அறுத்ததும் நான்தான். நோட்டில் மட்டும் நீங்கள் சொன்னபடி எழுதினேன்.

மாணிக்கம் அண்ணன் பார்த்துவிட்டார். "சொல்லாதீங்கண்ணே" என்றேன். "நீயா சொல்ற வரைக்கும் நான் சொல்லமாட்டேன்" என்றார். பரிசு வாங்கிய அன்றாவது நான் சொல்லியிருக்கலாம். 'எல்லாம் ரூபியோட கைராசி' என்று நீங்கள் பார்த்தவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அவரை அனுப்பிவிட்டது உங்கள் கடிதம் வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒன்றரை மாதம் பேசாமல் இருந்தேன்.

அவர் எதையும் மாற்றவில்லை, அதே ஊதாதான் அந்தச் சட்டியில் இருக்கிறது. சில ஜோடிகள் ஒரு திசையில் மட்டுமே காய் பிடிக்கும்; வெள்ளையில் ஊதாவின் மகரந்தத்தை வைத்துப்பாருங்கள், காய் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன். கிராஞ்சி முதலாளியிடம் இந்தக் கடிதத்தையே காட்டுங்கள்.

இவ்வளவு எழுதியும் கேட்கவேண்டியதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். ஞாயிறு பூசை முடிந்ததும் என்னோடு கிராஞ்சிக்கு வாருங்கள், அங்கிள். மாணிக்கம் அண்ணன் முகத்தைப் பார்த்து இதை நான் வாயால் சொல்லவேண்டும். அப்போது நீங்களும் அங்கே நின்று கேட்கவேண்டும்.

ரூபி