தனி வாளி

என் கோட்டு மாமா,

நெஞ்சுவலியில் நீங்கள் போன ஆறாம் மாதமே காலேஜ் லேபில் உங்கள் வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். கையுறை, கண்ணாடி, உங்கள் கோட்டு எல்லாம் மாட்டிக்கொண்டு நின்றால் பிள்ளைகள், "அக்கா, செம கெத்து!" என்கிறார்கள். நேற்று வெறுங்கண்ணோடு ஆசிட் பாட்டிலைத் திறந்த புது சாரையே, "மொதல்ல கண்ணாடிய மாட்டுங்க சார்" என்று அதட்டிவிட்டேன்.

இந்தக் கோட்டை என்னைத் தொடவிட மாட்டீர்களே! தனி வாளியில் நீங்களே அலசுவீர்கள். "எவ சென்ட்டு வாசம் அதுல?" என்று எத்தனை நாள் சண்டை போட்டேன்!

இன்று கெமிஸ்ட்ரி மேடம் சொன்னார்: "கோட்ட வீட்டுத் துணியோட சேத்து ஊறப்போடாதீங்கம்மா. அதுல ஆசிட் பட்டிருந்தா கையப் பொசுக்கிரும்."

நான் சிரித்த சிரிப்பில் கண்ணாடிக்குள்ளே ஒரே ஈரம்.

அத்தனை திட்டையும் வாங்கிக்கொண்டு ஏன் மாமா சொல்லவில்லை? சொன்னால் பயந்துபோய் உங்களை வேலைக்கே விட மாட்டேன் என்றா?

உங்கள் வாயாடி