அண்ணி தூங்கட்டும்

மார்ச் 4

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நல்லா இருக்கேன்னு எழுதினா நீங்க சிரிப்பீங்க, அதனால எழுதல. இடது கையில ரெண்டு ஊசி, பக்கத்துல என் ரத்தத்தைக் கழுவித் தர்ற மெஷின். நாலு மணி நேரத்துக்கு இந்த நாற்காலியை விட்டு அசையக் கூடாது. வார்டுல போன் பேச விட மாட்டாங்க, நீங்களும் பஸ் ஓட்டுறப்போ போனைத் தொட மாட்டீங்க. அதான் கடிதம். இடது கையால காகிதத்தைப் பிடிக்க முடியல, அது பாட்டுக்கு நழுவுது. வரியெல்லாம் கோணலா இருந்தா திட்டாதீங்க.

கூடப் பிறந்த அண்ணனோட கிட்னி எனக்குச் சேரல. எங்கேயோ பிறந்த உங்களோடது சேருதாம்! உங்க கல்யாணத்தன்னைக்கு உங்களைப் பார்த்து 'பூசணி'ன்னு சொன்னவ நான். அந்தப் பூசணிகிட்டயே இப்போ கையேந்த வேண்டியதாப் போச்சு. என் வாய்க்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்.

டாக்டர் சொன்னது ஞாபகம் இருக்குல்ல? எட்டு கிலோ குறைச்சாத்தான் உங்க மேல கத்தியை வைப்பாராம். ஜூன் மாசத்துக்குள்ள குறைக்கணும். தவறினா அடுத்த தேதி எப்போ கிடைக்கும்னு அவருக்கே தெரியல, அதுவரைக்கும் என் உடம்பு தாங்குமான்னு எனக்கும் தெரியல.

இத்தோட என் தையல் கடை டேப் ஒண்ணு வெச்சிருக்கேன். இடுப்பளவை எழுதி அனுப்புங்க. குறைச்சுச் சொன்னா அடுத்த ஜாக்கெட் தைக்கறப்போ மாட்டிக்குவீங்க.

அன்புடன்,
உங்க வாயாடி நாத்தனார்


மார்ச் 19

அடி வாயாடி,

உன் கடிதம் கிடைச்சது. வரி கோணலா இருந்தா என்ன, வாய் நேராத்தானே இருக்கு!

இங்கே ஒரே அமர்க்களம். காலையில அவிச்ச முட்டை, மத்தியானம் வெள்ளரிக்காய், ராத்திரி உப்பில்லாத சூப்பு. கண்டக்டர் தம்பி என் டப்பாவைத் திறந்து பார்த்துட்டு, "அக்கா, வீட்டுல முயல் வளர்க்கறீங்களா?"ன்னு கேக்கறான்.

முதல் பஸ் என்னோடது. அதுக்கு முன்னாடி நடந்தாத்தான் உண்டு. அதனால மூணு மணிக்கே எழுந்திரிச்சு, டிப்போவைச் சுத்திச் சுத்தி நடக்கறேன். வாட்ச்மேன் மொதல்ல திருடின்னு நினைச்சு விசில் அடிச்சார், இப்போ சல்யூட் அடிக்கறார். மத்தியானம் வீட்டுக்கு வந்து கண் அசர்றதையும் விட்டுட்டேன். உங்க அண்ணன் "கொஞ்சம் படும்மா"ன்னு கெஞ்சறார். நான் கேட்டேன், நிறுத்தி வெச்ச பஸ்ல டீசல் எப்படிங்க கரையும்னு. மனுஷன் தலகாணியை எடுத்து உள்ளே வெச்சுட்டார்.

ரெண்டு கிலோ போயிடுச்சு. இதே வேகத்துல போனா ஜூன் என்ன ஜூன், மே மாசமே வந்து நிப்பேன். நீ தைரியமா இரு.

உன்,
பூசணி


ஏப்ரல் 20

அன்பு நாத்தனாருக்கு,

ரெண்டு தடவை எழுதிக் கேட்டும் நான் அளவு அனுப்பலைன்னு கோவமா இருப்பே. அனுப்ப வெக்கமா இருக்குடி.

போன ரெண்டு கிலோ திரும்பி வந்துடுச்சு. வந்தது போதாதுன்னு கூட ஒரு கிலோவையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கு. நான் ஏமாத்தல, சத்தியமாச் சொல்றேன். எடை குறையலன்னு தெரிஞ்சதும் இன்னும் சீக்கிரமா எழுந்து இன்னும் ஒரு சுத்து நடந்தேன். பகலெல்லாம் வாயைக் கட்டிடறேன். ராத்திரி ஆனா என்ன பேய் பிடிக்குதோ, பிஸ்கட் டின்னை மடியில வெச்சுக்கறேன். அடி தெரியற வரைக்கும் கை நிக்க மாட்டேங்குது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்கு இப்படி ஒரு பசி வந்ததே இல்ல.

முந்தாநாள் சிக்னல்ல பஸ்ஸை நிறுத்தினேன். பச்சை விழுந்தது தெரியல, பின்னாடி இருந்தவன் ஹாரன் அடிச்சுத்தான் முழிச்சேன். பஸ் நிறைய ஜனங்க. அடுத்த ஸ்டாப்புல இறங்கி மூஞ்சியைக் கழுவிக்கிட்டுத்தான் வண்டியை எடுத்தேன்.

என்னால முடியாதோன்னு தோணுது. உனக்குச் சேர வேண்டியதை இந்த உடம்பு விடாப்பிடியாப் பிடிச்சு வெச்சிருக்கே, நான் என்னடி பண்ணுவேன்?

அண்ணி


ஏப்ரல் 25

அண்ணி,

படிச்சுட்டு வார்டுலயே அழுதேன். பிரஷர் ஏறுதுன்னு மெஷின் கத்திச்சு, நர்ஸ் வந்து என்னைத் திட்டினாங்க. சும்மா விடுவேனா? சாப்பாட்டு ஆலோசனை சொல்ற அம்மா இங்கே வாரா வாரம் வருவாங்க, உங்க கடிதத்தை அவங்ககிட்டயே நீட்டிட்டேன். என்ன சாப்பிடறாங்கன்னுதான் கேப்பாங்கன்னு பார்த்தா, "எத்தனை மணிக்குப் படுக்கறாங்க?"ன்னு கேட்டாங்க. எனக்குத் தெரியும், பாத்திரமெல்லாம் கழுவி வெக்காம நீங்க கட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டீங்க. பதினொண்ணுன்னு சொன்னேன், மூணு மணிக்கு முன்னாடியே எழுந்துடறதையும் சொன்னேன். தலையில கையை வெச்சுக்கிட்டாங்க.

தூக்கம் குறைஞ்சா பசி கூடுமாம். அதுலயும் இனிப்பு மேலதான் கை போகுமாம். சரியாத் தூங்காமப் பட்டினி கிடந்தா, கொழுப்பு கரையறது குறைஞ்சு, சதைதான் அதிகமாக் கரையுமாம். அந்தப் பிஸ்கட் டின்னுக்கு நீங்க பொறுப்பில்லன்னு சொல்லச் சொன்னாங்க.

இப்போ நான் கேக்கறேன். உங்க பஸ்ஸுக்கு ஆயில் மாத்தறது, பிரேக் பார்க்கறது எல்லாம் எப்போ? ராத்திரி டிப்போல நிக்கறப்போதானே? ஓடிக்கிட்டிருக்கற பஸ்ஸுக்கு அடியில எந்த மெக்கானிக்காவது படுப்பானா? இத்தனை வருஷமா பஸ் ஓட்டறீங்க, இதுகூடவா தோணல?

உங்க ஜன்னலுக்குக் கெட்டித் துணியில திரை தெச்சு அனுப்பியிருக்கேன். கண்ணுக்குக் கட்டிக்கக் கறுப்புப் பட்டியும் இருக்கு. தலையளவு கேக்காமயே தெச்சேன், சரியா இருக்கும்.

இன்னொண்ணு. ஒருவேளை படுத்தும் தூக்கம் வரலன்னா, அதுக்குக் காரணம் பயம்னா, சொல்லிடுங்க. ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னாலும் நீங்க எனக்கு அண்ணிதான்.

நாத்தனார்


மே 6

அடியே,

பயமா இருந்தாச் சொல்லிடுன்னு எழுதியிருக்கே பாரு, நேர்ல இருந்தா முதுகுல ரெண்டு போட்டிருப்பேன். ஊசின்னா எனக்குப் பயம்தான், மறைக்கல. ஆனா குடுக்கறதுக்குப் பயமில்லடி. குடுக்க முடியாமப் போயிடுமோன்னுதான் இத்தனை நாளும் படுத்தாலும் கண்ணு மூடல.

உன் திரையை மாட்டி, பட்டியைக் கட்டிக்கிட்டு, பாத்திரத்தை உங்க அண்ணன் தலையில கட்டிட்டு ஒன்பது மணிக்கே படுத்தேன். அடிச்சுப் போட்ட மாதிரி ஒரு தூக்கம்! அலாரம் கத்திக் கத்தி ஓஞ்சு போச்சாம். உங்க அண்ணன் பயந்து போய் என் மூக்குக்கிட்ட கையை வெச்சுப் பார்த்திருக்கார். நான் வேலைக்குச் சேர்ந்ததுல இருந்து முதல் தடவையா முதல் பஸ் நான் இல்லாமப் போயிருக்கு. டிப்போ கண்ட்ரோலர் விளக்கம் கேட்டார். உன் கதையைச் சொன்னேன். உடனே எட்டரை மணி பஸ்ஸுக்கு என்னை மாத்திட்டார். இப்போ விடிஞ்சப்புறம்தான் நடக்கறேன், வாட்ச்மேன்தான் பாவம், பேச்சுத் துணை இல்லாமத் தவிக்கறார்.

பிஸ்கட் டின்னுல இப்போ உங்க அண்ணன் ஸ்க்ரூ போட்டு வெச்சிருக்கார். எடை மெஷின் முள்ளு இறங்குதுடி! இந்தத் தடவை திரும்பி ஏறல.

அண்ணி


ஜூன் 23

வாயாடி,

டாக்டர் எடை மெஷின்ல ஏறச் சொன்னார். கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஏறினேன். "இறங்குங்கம்மா, தேதி குறிச்சாச்சு"ன்னார். ஜூலை ஒண்ணு. உங்க அண்ணன் ஆஸ்பத்திரி வராந்தாவுலயே விசில் அடிச்சுட்டார்.

இடுப்புல மூணு இஞ்ச் போயிடுச்சு. புது ஜாக்கெட்டுக்குத் துணியை வெட்டு.

அண்ணி


ஜூலை 5

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணன் கையைப் பிடிச்சுக்கிட்டு உங்க ரூம் வரைக்கும் நடந்து வந்தேன். நீங்க கறுப்புப் பட்டியைக் கட்டிக்கிட்டுக் குறட்டை விட்டுக்கிட்டிருக்கீங்க. அண்ணன் எழுப்பப் போனார், நான் விடல. அதான் உங்க தலைமாட்டுல உக்காந்து எழுதறேன்.

உங்க கிட்னி வந்த அன்னைக்கே வேலையை ஆரம்பிச்சுடுச்சு. நான் ஒண்ணுக்குப் போனதுக்கு நர்ஸுங்க எல்லாரும் கை தட்டினாங்க அண்ணி. இதுக்கெல்லாம் கைதட்டல் வாங்கினவ நம்ம குடும்பத்துல நான் ஒருத்திதான்.

உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு நாலு நாளா யோசிக்கறேன். இத்தனை பேச்சுப் பேசின வாய்க்கு ஒரு வார்த்தை வரல. அதனால ஒண்ணே ஒண்ணு காட்டறேன். இன்னைக்கு என் இடது கையில ஊசி இல்ல, மெஷின் இல்ல. அந்தக் கையால காகிதத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுதறேன். முழிச்சதும் பாருங்க அண்ணி, அவசரமே இல்ல. வரியெல்லாம் நேரா இருக்கு.

உங்க,
நாத்தனார்