பெயருக்குப் பக்கத்தில் ஓடும் நேரம்

ஜூலை 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோ, நசுங்கல், துப்பட்டாவில் யாருடைய சாம்பாரோ.

செய்ய வேண்டியது: ஸ்டோர்ஸ் பிரிண்டர் ரிப்பேர். செய்யவில்லை.

செய்தது: ஸ்கிரிப்ட், ஒரு குட்டி புரோகிராம். ஃபேக்டரிக்குள் போன் கூடாது, கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பேச்சு எல்லாம் கம்பெனி சாட்டில்தான். அதில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டு நேரம் காட்ட வேண்டும். எப்போது உள்ளே வந்தார்? மவுசையோ கீபோர்டையோ தொட்டு எவ்வளவு நேரமாச்சு?

யாரும் கேட்கவில்லை. எனக்கே ஓர் அரிப்பு. இன்ஸ்பெக்‌ஷன் முருகேஸ்வரி ஒரு வரி பதில் போட அரை நாள் எடுக்கிறாள். கோபமோ? சங்கரன்கோவில் பெண். ஹாஸ்டல். இங்கே எனக்கு இருக்கிற ஒரே சிநேகிதி. இந்த மாதத்தோடு கான்ட்ராக்ட் முடிகிறது, அந்தக் கவலை வேறு அவளுக்கு.

முதல் தடவை ஓட்டியபோது எல்லோரும் கம்ப்யூட்டரின் காலக்கணக்கு ஆரம்பிக்கிற 1970-லிருந்து உள்ளே இருப்பதாகக் காட்டியது. அப்போது இங்கே வயல்தான் இருந்திருக்கும். தனியாகச் சிரித்தேன். சாயங்காலம் சரியாகிவிட்டது.

ஜூலை 9, செவ்வாய்

மேகம் மட்டும். மழை ஏமாற்றிவிட்டது.

வேடிக்கை பார்த்துக்கொண்டே பாதி நாள் போச்சு. பாதிப் பேர் போன வாரத்திலிருந்து உள்ளேயே இருக்கிறார்கள். ஷிஃப்ட் முடிந்தால் யாரும் லாக் அவுட் செய்வதில்லை. அடுத்தவர் அதே பெயரிலேயே வேலையைத் தொடர்கிறார்.

தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் தணிகாசலம் மட்டும் புதிர். சும்மா இருக்கிற நேரம் பூஜ்யம். சாப்பாட்டு நேரத்திலும் பூஜ்யம். மனுஷனா, பேயா?

முருகேஸ்வரி நாள் முழுக்க சும்மா. அப்பாடா, கோபம் இல்லை, சீட்டில் இல்லை.

அந்த நிம்மதியில் மேனேஜர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. இது என்ன என்றார். பெருமையாக விளக்கித் தொலைத்தேன். அவர் விரல் முருகேஸ்வரி பெயரில் நின்றது.

"இன்னாம்மா, இந்தப் பொண்ணு நாள் பூரா சும்மாவே இருக்குதா?"

தணிகாசலத்தைப் பார், அவனல்லவா வேலைக்காரன் என்றார். வியாழக்கிழமை கான்ட்ராக்ட் மீட்டிங்கில் இதைக் காட்டுகிறாராம். டிபன் பாக்ஸ் அப்படியே வீட்டுக்கு.

ஜூலை 10, புதன்

தூறல். குடை மறந்தாச்சு.

நேராக இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். முருகேஸ்வரி இரண்டு கையிலும் கிளவுஸ், விளக்கடியில் ஒவ்வொரு பீஸாகத் திருப்பிப் பார்க்கிறாள். கம்ப்யூட்டர் அவள் முதுகுப் பக்கம். ஏன் பதில் போடுவதில்லை என்றேன்.

"எண்ணெக் கையோட கீபோர்டத் தொட்டா திட்டுவாவக்கா. கிளவுஸக் கழட்டினா திரும்பப் புதுசு போடணும்லா. டீ டைம்லதான் ஒங்களுக்குப் பதில் போடுதேன்."

அடுத்து பிரஸ் ஷாப். தணிகாசலத்தின் நாற்காலி காலி. கம்ப்யூட்டர் மேசை பிரஸ்ஸை ஒட்டியே. பிரஸ் ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் மேசை அதிர்கிறது, மவுஸ் துள்ளுகிறது. திரையில் அம்புக்குறி தானாக ஆடுகிறது. வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆள் எங்கே என்று பக்கத்து ஆபரேட்டரிடம் கேட்டேன்.

"அவன் சனிக்கெழமலேர்ந்து லீவுமா. வாலாஜாபாத்ல தங்கச்சி கல்யாணம். லட்டு எடுத்துகினு வரேன்னு சொல்லிகீறான்."

ஜூலை 11, வியாழன்

வெயில். மீட்டிங் பதினொன்றுக்கு.

பத்தரைக்கு மேனேஜரை பிரஸ் ஷாப்புக்குக் கூப்பிட்டேன். காலி நாற்காலியைக் காட்டினேன், துள்ளுகிற மவுஸைக் காட்டினேன், லீவு விஷயத்தையும் சொன்னேன். முருகேஸ்வரியின் கிளவுஸையும் விடவில்லை. குனிந்து மவுஸைக் கையால் அமுக்கிப் பார்த்தார்.

"நேத்து இவனத்தான் பாராட்டி மெயில் போட்டேன்."

மீட்டிங்குக்குப் போய்விட்டார். கோபமா, வெட்கமா, தெரியவில்லை.

ஸ்கிரிப்டை அழிக்க உட்கார்ந்தேன். கடைசியாக ஒரு தடவை பட்டியலைப் பார்த்தேன். முருகேஸ்வரி, வழக்கம்போல சும்மா. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த நேரம் பூஜ்யமானது.

"அக்கா, கான்ட்ராக்ட நீட்டிட்டாவ."

டீ டைம் இல்லை. கிளவுஸைக் கழற்றியிருக்கிறாள்.